யோயோ: பேசாத பகுதியின் வலிமை

பிரெஞ்சு நகைச்சுவைப் படம் என்றதும் பலருக்கு ழாக் தாதியின் பெயர் நினைவுக்கு வரும். அவருடைய 'மோன் ஓன்கிள்' படத்தில் உதவியாளராக உழைத்த பியேர் எத்தெக்ஸை அறிந்தவர்கள் குறைவு. உரிமைச் சிக்கலில் மாட்டி அவருடைய படங்கள் பல ஆண்டுகள் முடங்கிக் கிடந்ததே அதற்குக் காரணம். 1965இல் அவர் இயக்கி நடித்த 'யோயோ', குறைகள் இருந்தாலும் முதல் வரிசையில் வைக்க வேண்டிய படம்.

கதை 1925இல் தொடங்குகிறது. பெரிய மாளிகை, ஏராளமான பணியாட்கள், தீராத சலிப்பு: இதுதான் ஒரு கோடீஸ்வரரின் வாழ்க்கை. இப்பகுதியில் உரையாடல் கிடையாது. கதவுகளின் கிரீச்சொலி போன்ற ஓசைகளே பேசுகின்றன. நாயை உலவவிடும்போதுகூட அவர் காரைவிட்டு இறங்குவதில்லை. கார் மெல்ல ஊர்ந்து செல்ல, வாரில் கட்டிய நாய் பக்கத்தில் நடந்து வருகிறது. சிரிக்கிறோம், அவருடைய தனிமையும் புரிந்துவிடுகிறது. மனம்விட்டுப் பேச ஆளில்லாதவரின் கதையில் பேச்சை நீக்கியது வெறும் பழம்பட மோகம் அல்ல, கதையே கேட்ட வடிவம்.

1929இன் பொருளாதாரச் சரிவில் செல்வம் போகிறது. படத்துக்குப் பேச்சு வருகிறது. முன்பு காதலித்துப் பிரிந்த சர்க்கஸ் பெண்ணோடும் மகனோடும் அவர் ஊர் ஊராகப் புறப்படுகிறார். பேசும்படக் காலத்தின் வருகையையும் ஒரு குடும்பம் ஒன்றுசேர்வதையும் எத்தெக்ஸும் இணை எழுத்தாளர் ழான்-கிளோத் காரியேரும் ஒரே திருப்பத்தில் இணைத்தது அபாரமான திரைக்கதைச் சிந்தனை.

மகன் யோயோ வளர்ந்து புகழ்பெற்ற கோமாளியானதும் படம் தளர்கிறது. தந்தை, மகன் இரண்டு வேடமும் எத்தெக்ஸுக்குத்தான், நடிப்பில் குறையில்லை. ஆனால் முன்பு பாத்திரத்தின் குணத்திலிருந்து பிறந்த நகைச்சுவை, போர், தொலைக்காட்சி என்று காலத்தைக் கடந்துபோகும் துணுக்குகளாகச் சிதறுகிறது. யோயோ விரும்பும் பெண்ணான இசோலினாவுக்கும் (கிளோதீன் ஓஷே), அவனுடைய தாய்க்கும் ஆண்களின் ஏக்கத்துக்கு அப்பால் தனி வாழ்வு ஏதும் தரப்படவில்லை. இது அக்காலத்துப் படங்களின் பொதுக்குறை என்று தள்ளிவிட முடியாது; பிரிவையும் சேர்தலையும் நம்பி நிற்கும் கதைக்கு இது நேரடி இழப்பு.

ஆயினும் அடித்தளம் ஆட்டம் காணவில்லை. யோயோ சம்பாதித்து மாளிகையை மீட்கும்போது தந்தையின் வெறுமையையும் சேர்த்தே வாங்கிவிடுகிறான். விருந்தினர் நிறைந்த வீட்டுக்குள் வரப் பெற்றோர் மறுக்கிறார்கள். அவன் யானைமீதேறி வெளியேறுகிறான். அதற்கு எந்த விளக்கமும் சொல்லப்படுவதில்லை. காட்சியை நம்பிய இடங்களில் எத்தெக்ஸ் தாதிக்கு இணையாக நிற்கிறார். காலவரிசையை நம்பிய இடங்களில் சறுக்குகிறார். வசனமே நகைச்சுவை என்று எண்ணுகிற எவரும் இப்படத்தின் முதல் பகுதியைப் பாடமாகவே பார்க்க வேண்டும்.