வாதியின் குரல்: சாப சங்கீதங்களும் இறைநீதி தரும் ஆறுதலும்

விவிலியத்தின் சங்கீத நூலிலுள்ள 150 பாடல்களுள் புலம்பல் வகையைச் சேர்ந்தவையே மிகுதி. அவற்றுள்ளும் 58, 69, 109, 137 முதலிய சில, அநீதி இழைத்தவரை இறைவன் தண்டிக்க வேண்டும் என்று ஒளிவுமறைவின்றிக் கேட்பதால், ‘சாப சங்கீதங்கள்’ என்று தனித்துக் குறிக்கப்படுகின்றன. பகைவரையும் நேசிக்கும்படி இயேசு கற்பித்த சமயத்தில் இவற்றுக்கு என்ன இடம் என்ற கேள்வி மிகப் பழையது. நான்காம், ஐந்தாம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த அகுஸ்தீன், இவற்றைச் சாபங்களாகக் கொள்ளாமல், தீயோருக்கு நேரவிருப்பதை முன்னறிவிக்கும் தீர்க்கதரிசனங்களாகக் கொண்டார். 137ஆம் சங்கீதத்தின் முடிவில் வரும் பாபிலோனியக் குழந்தைகளையும் மனத்தில் முளைவிடும் தீய ஆசைகளின் உருவகமாகவே கண்டார். இவ்விளக்கம் பக்திக்கு உதவியிருக்கலாம். ஆனால் எருசலேமை இழந்து நாடுகடத்தப்பட்டவர்களின் அழுகை அதில் கேட்பதில்லை.

அவ்வழுகைக்குக் காதுகொடுக்க வழிகாட்டியவர்களுள் ஒருவர் சி. எஸ். லூயிஸ். சங்கீதங்களைப் பற்றி 1958இல் அவர் வெளியிட்ட நூலில், சாபங்களின் கொடுமையைக் கண்டு அவரே கூசினார் எனினும், நியாயத்தீர்ப்பைப் பற்றி, அதாவது இறைவன் மாந்தரின் செயல்களை விசாரித்துத் தீர்ப்பளிப்பதைப் பற்றி, அவர் காட்டிய வேறுபாடு பெரிதும் பயனுடையது. கிறிஸ்தவர் அத்தீர்ப்பைக் குற்றவியல் வழக்காகவும் தம்மைக் கூண்டில் நிற்பவராகவும் எண்ணி அஞ்சுகின்றனர். சங்கீதக்காரரோ அதை உரிமையியல் வழக்காகவும் தம்மை வாதியாகவும் எண்ணி, விசாரணை நாள் என்று வரும் என ஏங்குகின்றார். நிலத்தைப் பறிகொடுத்த ஏழைக்கு நீதிபதி வருகிறார் என்பது நற்செய்தியே. லூக்கா நற்செய்தியின் 18ஆம் அதிகாரத்தில், நேர்மையற்ற நீதிபதியிடம் விடாமல் சென்று முறையிடும் விதவையும் இத்தகைய வாதியே.

வழக்கை இறைவனிடம் ஒப்படைத்தவர், தண்டிக்கும் உரிமையையும் அவரிடமே விட்டுவிடுகிறார். தம்மைக் கொல்லத் தேடிய சவுல் அரசன் எங்கேதிக் குகையில் தனியே அகப்பட்டபோது, தாவீது அவனுடைய மேலங்கியின் ஓரத்தை மட்டும் அறுத்துக்கொண்டு, இருவருக்கும் இடையே இறைவன் நியாயம் தீர்க்கட்டும் என்று விட்டதாக 1 சாமுவேல் 24 கூறுகிறது. ஆனால் தாவீது வாய்மூடி இருந்துவிடவில்லை. குகைக்கு வெளியே வந்து, சவுல் தமக்குச் செய்துவரும் அநீதியை அவன் கேட்கவே எடுத்துரைத்தார். கோபம் சொல்லாகி வெளிவந்தது, வாள் உறையிலேயே கிடந்தது. சாப சங்கீதங்கள் செய்வதும் இதுவே.

இருபதாம் நூற்றாண்டில் இக்கருத்து மிகக் கடுமையாகச் சோதிக்கப்பட்டது. ஹிட்லர் அரசை எதிர்த்த போதகர் மார்ட்டின் நீமொல்லர் 1937 ஜூலை 1 அன்று கைதானார். அடுத்த சில நாள்களிலேயே, ஃபிங்கன்வால்டே குருமடத்தில் டீட்ரிக் போன்ஹோஃபர் 58ஆம் சங்கீதத்தின்மீது மறையுரை ஆற்றினார். குற்றமற்றவர் மட்டுமே இவ்வாறு வேண்ட முடியும், அவர் கிறிஸ்துவே, பழிவாங்கலை இறைவனிடம் விடுபவர் தாம் பழிவாங்குவதைத் துறந்துவிடுகிறார் என்பது அவர் வாதம். குரோவாட்டியரான மிரோஸ்லாவ் வோல்ஃப், யூகோஸ்லாவியப் போர்களின் நிழலில் எழுதி 1996இல் வெளியிட்ட நூலில் இன்னும் துணிந்து பேசினார்: தீர்ப்பளிக்கும் இறைவன் இருக்கிறார் என்ற நம்பிக்கையே, வன்முறையைக் கைவிட மனிதருக்கு வலிமை தருகிறது, எரிந்த ஊர்களைக் கண்டிராதவர்களுக்கே தண்டிக்காத கடவுள் போதுமானவராகத் தோன்றுகிறார்.

வோல்ஃபின் இக்கூற்றை நினைவில் வைத்துப் பார்த்தால், கத்தோலிக்கத் திருச்சபை 1970களில் சீரமைத்த திருப்புகழ்மாலையிலிருந்து, அதாவது நாள்தோறும் குறித்த வேளைகளில் சொல்லப்படும் பொது மன்றாட்டுகளிலிருந்து, 58, 83, 109ஆம் சங்கீதங்களை நீக்கியது வருந்தத்தக்கது. அவற்றின் கடுமை செபிப்போர் உள்ளத்தில் ஏற்படுத்தும் இடர்ப்பாடே காரணமாகக் கூறப்பட்டது. அந்த அக்கறை நேர்மையானதுதான். ஆயினும் வதைக்கப்பட்டவருக்கு இருந்த சில சொற்கள் பொதுவழிபாட்டில் இல்லாமற்போயின.

இறைநீதியின் பெயரால் துன்புறுவோரை அடக்கி வைத்த வரலாறும் உண்டு. பிரித்தானிய மேற்கிந்தியத் தீவுகளின் அடிமைகளுக்கென 1807இல் லண்டனில் அச்சிடப்பட்ட விவிலியத் தொகுப்பு, இஸ்ரவேலர் எகிப்திய அடிமைத்தனத்திலிருந்து விடுதலையான வரலாற்றை விட்டுவிட்டது. ஒடுக்கப்பட்டோரின் முறையீட்டைக் கேட்டு இறங்கிவரும் இறைவன் யாருடைய ஆதாயத்துக்கு ஆபத்தானவர் என்பதை அத்தொகுப்பாளர்கள் நன்கு அறிந்திருந்தனர் என்றே கொள்ள வேண்டும். பொறுத்துப் போ, மறுமையில் நீதி கிடைக்கும் என்று பாதிக்கப்பட்டவரிடம் மட்டும் சொல்லி, தீங்கு செய்தவரிடம் ஒன்றும் சொல்லாத போதகரும் அந்தக் கத்தரிப்பையே செய்கிறார். பழிவாங்கலை இறைவனுக்கு விடும்படி ரோமருக்கு எழுதிய பவுலே, அடுத்த அதிகாரத்தில் தீமை செய்வோரைத் தண்டிக்கும் பொறுப்பு ஆட்சியாளருக்கு உண்டு என்கிறார். விசாரணையின்றித் தம்மை அடித்துச் சிறையிலிட்ட பிலிப்பி நகர அதிகாரிகள் இரகசியமாக விடுவிக்க முயன்றபோது, தம் ரோமக் குடியுரிமையைச் சுட்டிக்காட்டி, அவர்களே நேரில் வந்து அழைத்துச் செல்ல வேண்டும் என்று வற்புறுத்தினார். பின்னர் செசரியாவில், தம் வழக்கைச் சீசரே விசாரிக்க வேண்டும் என்று முறையிட்டார்.