கதவு திறக்கும் நேரம்

பழைய டயரைக் காற்றுப் புகாத உலையில் அடைத்து 400, 500 டிகிரிக்குச் சூடேற்றினால் அது எரியாது, சிதையும். கிளம்பும் ஆவியைக் குளிர்வித்தால் எண்ணெய். குளிர்வித்தும் திரவமாகாத வாயுவை அதே உலைக்கு அடியில் எரித்துக்கொள்ளலாம். ஒரு டன் டயரில் ஏறக்குறைய 400 கிலோ எண்ணெயும் 300 கிலோவுக்கு மேல் கரித்தூளும் தேறும். இரும்புக் கம்பி தனி. எல்லாமே காசு. பைரோலிசிஸ் எனப்படும் இந்தத் தொழிலில் பலர் ஆர்வமாக இறங்கியதில் வியப்பில்லை.

ஆனால் அந்த எண்ணெயை ‘டீசல்’ என்று சொல்லி விற்பது சற்றுத் துணிச்சலான வேலை. ரப்பரைக் கந்தகம் சேர்த்துத்தான் டயராக இறுக்குகிறார்கள். அந்தக் கந்தகத்தில் ஒரு பகுதி எண்ணெயிலும் வந்து சேர்கிறது, சுமார் ஒரு சதவீதம். 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பிஎஸ்-6 விதி டீசலில் அனுமதிப்பது பத்து லட்சத்தில் 10 பங்கு மட்டுமே. ஆயிரம் மடங்கு வித்தியாசம்! ஆலைக் கொதிகலனிலும் உலையிலும் ஃபர்னஸ் ஆயிலுக்கு மாற்றாக எரிக்கலாம், அவ்வளவுதான்.

இதே முறையில் எண்ணெயாகும் பிளாஸ்டிக்கின் கதை கொஞ்சம் மேல். டேராடூனில் உள்ள இந்தியப் பெட்ரோலிய ஆய்வு நிறுவனம் 2019-ல் தொடங்கிய சோதனை ஆலை, ஒரு டன் பிளாஸ்டிக்கிலிருந்து 800 லிட்டர் வரை டீசல் எடுக்கும் திறன் கொண்டது. அதற்குப் பாலிஎத்திலின், பாலிப்ரொப்பிலீன் போன்றவை தரம் பிரிந்து வரவேண்டும். பிவிசி கலந்தால் ஹைட்ரோகுளோரிக் அமிலம் உண்டாகிக் குழாய்களை அரிக்கும். நம் ஊர்க் குப்பை வண்டியில் எதுவும் தரம் பிரிந்து வருவதில்லை.

டயர் ஆலையின் உண்மையான சோதனை உலைக் கதவு திறக்கும் நேரத்தில் இருக்கிறது. பெரும்பாலான ஆலைகளில் ஒரு சுமை வெந்து முடிந்து, உலை ஆறிய பிறகே கரியை இறக்கி அடுத்த சுமையை ஏற்ற முடியும். ஆறும் ஒவ்வொரு மணி நேரமும் முதலாளிக்கு நஷ்டம். அவசரப்பட்டுத் திறந்தால் உள்ளே தேங்கிய வாயு காற்றோடு கலந்து தீப்பிடிக்கும். அப்படி நேராவிட்டாலும், மாவைவிட மெல்லிய கரித்தூள் கிளம்பி, மண்வெட்டியோடு நிற்பவரின் மூக்கிலும் பக்கத்து வயலிலும் படியும்.

தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் 2019-ல் வந்த கணக்கின்படி 19 மாநிலங்களில் 637 ஆலைகள். அவற்றில் 270 விதிகளை மீறியவை, 116 மூடப்பட்டவை. எண்ணெய்க்காக வெளிநாட்டுக் கழிவு டயரை இறக்குமதி செய்ய 2022-ல் தடை வந்தது. அதற்குப் பிறகும், 2025 ஜனவரியில் மகாராஷ்டிரத்தின் வாடாவில் ஒரு ஆலை வெடித்து இரண்டு பெண்களும் இரண்டு குழந்தைகளும் இறந்தார்கள். ஆலைக்குள் குழந்தைகளுக்கு என்ன வேலை என்ற கேள்வியை எந்தத் தொழில்நுட்பமும் தீர்க்காது.

ஒப்பிட்டால் சிமென்ட் சூளை மேலான வழி. சிமென்ட்டாக அரைபடும் கிளிங்கர் கட்டிகள் வேகும் 1,450 டிகிரியில் டயர் நிலக்கரிக்கு ஈடாக எரியும். கம்பியின் இரும்பும் சாம்பலும் கிளிங்கரிலேயே சேர்ந்துவிடும். தமிழகக் குப்பைக் கிடங்குகளில் சலித்தெடுத்த பிளாஸ்டிக் அரியலூர் சிமென்ட் ஆலைகளுக்குப் போவதும் இந்த நம்பிக்கையில்தான். ஈரமும் மண்ணும் கலந்த சரக்கு எரிதிறனைக் குறைக்கும், குளோரின் மிகுந்தால் சூளையில் அடைப்பு உண்டாகும் என்பவை இதன் தொல்லைகள். எரிவதும் பெரும்பாலும் பெட்ரோலியத்திலிருந்து வந்த கார்பனே என்பதால் புகைக்கணக்கில் பெரிய லாபமில்லை.

தேய்ந்த லாரி டயருக்குப் புது மேற்பட்டை ஒட்டி (ரீட்ரெட்) மறுபடி ஓட்டுவதே இவற்றைவிடச் சிக்கனம். அதுவும் முடியாமல் தேய்ந்தவற்றுக்கு மட்டும் உலை போதும். அந்த உலையும், டயரைத் துண்டாக்கி இடைவிடாமல் ஊட்டி, கரியை மூடிய குழாய் வழியே வெளியேற்றும் வகையாக இருக்கட்டும். விலை அதிகம்தான்; அந்தச் செலவைத் தாங்க முடியாதவருக்கு உரிமம் தருவதில் அர்த்தமில்லை.