வெண்பலகையில் ஓர் எண்

விண்வெளிக் கதை என்றதும் நம்மில் பலர் அதைச் சிறுவர் கேளிக்கை என்று ஒதுக்கிவிடுவதுண்டு. ஒளி உமிழும் துப்பாக்கிகள், வேற்றுக்கோள் மாந்தர், இறுதியில் வெல்லும் நல்லவர்கள் என்று அதன் இலக்கணத்தை முன்கூட்டியே எழுதி வைத்திருக்கிறோம். அந்த இலக்கணத்துக்குள் அடங்காத ஒரு தொடர் ‘பேட்டில்ஸ்டார் கலாக்டிகா’. 1978இல் வந்த பழைய தொடர் ஒன்றின் பெயரையும் கருவையும் எடுத்துக்கொண்டு, கத்தோலிக்கச் சூழலில் வளர்ந்தவரான ரொனால்டு மூர் அதனைப் புதிதாக உருவாக்கினார். 2003 டிசம்பரில் அமெரிக்காவில் ஒரு குறுந்தொடராகத் தொடங்கி, பின்னர் நான்கு பருவங்களாக வளர்ந்து, 2009 மார்ச்சில் நிறைவுற்றது. இருள் மண்டிய கதை. குற்றமற்றவர் என்று ஒருவரையும் சுட்டிக்காட்ட இயலாது. வன்முறையும் பாலியல் காட்சிகளும் உள்ளமையால் சிறுவரோடு அமர்ந்து பார்க்கத் தக்கதும் அன்று. ஆயினும் இரசிகர்கள் அதனை மீண்டும் மீண்டும் நாடுகிறார்கள். அது நிறைவுற்ற மாதத்தில் நியூயார்க்கில் ஐக்கிய நாடுகள் அவையின் தலைமையகத்திலேயே அதைக் குறித்துக் கலந்துரையாடல் நடந்தது. இந்த ஈர்ப்பு எதனால்?

மனிதர் படைத்த இயந்திரங்களான சைலான்கள் தம்மைப் படைத்தவர்களுக்கு எதிராகத் திரும்பி, பன்னிரண்டு குடியேற்றங்களை அணுகுண்டுகளால் அழித்துவிடுகின்றன. எஞ்சியவர் ஏறத்தாழ ஐம்பதாயிரம் பேர். கணினிகள் ஒன்றோடொன்று இணைக்கப்படாத காரணத்தால் தப்பிய கிழட்டுப் போர்க்கப்பல் ஒன்று, அவர்களைக் காத்தபடி ஓடுகிறது. அதன் தளபதி வில்லியம் அடாமா. அடாமா என்பது எபிரேயத்தில் மண்ணைக் குறிக்கும் சொல் என்பதை விவிலிய வாசகர் அறிவர். பதவி வரிசையில் 43ஆம் இடத்திலிருந்த கல்வியமைச்சர் லாரா ராஸ்லின், மேலிருந்த அனைவரும் மடிந்ததால் குடியரசுத் தலைவராகிறார். அவரது அறையில் ஒரு வெண்பலகை. உயிரோடிருப்போரின் தொகையை அதில் எழுதி, அழித்து, மீண்டும் எழுதுகிறார்.

முதற்பகுதியின் பெயர் ‘33’. ஒவ்வொரு முப்பத்து மூன்று நிமிடத்துக்கும் பகைவர் வந்து தாக்குகிறார்கள். ஐந்து நாள்களாக எவரும் கண் அயரவில்லை. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் பயணம் செய்யும் கப்பலொன்று பின்தங்கிவிட, தாக்குதல் நின்றுபோகிறது. அந்தக் கப்பல் திரும்பி வந்ததும் பகைவரும் வருகின்றனர். அதில் அணுகுண்டு இருப்பதற்கான அறிகுறியும் தென்படுகிறது. அதனைச் சுட்டு வீழ்த்த ராஸ்லின் ஆணையிடுகிறார். சுட வேண்டியவன் தளபதியின் மகன் லீ. சன்னல்களுக்கு அருகே பறந்து பார்க்கிறான், யாரும் தெரியவில்லை. உள்ளே மனிதர் இல்லையா, அல்லது கண்ணுக்குத் தென்படவில்லையா? தொடர் நமக்குச் சொல்வதில்லை. சுடுகிறான். அன்று கப்பல் ஒன்றில் ஓர் ஆண் குழந்தை பிறந்த செய்தி வருகிறது. ராஸ்லின் எழுந்து சென்று பலகையிலுள்ள எண்ணோடு ஒன்றைக் கூட்டுகிறார்.

அந்தப் பலகையை வெறும் நம்பிக்கைச் சின்னமாக நான் எடுத்துக்கொள்ளவில்லை. 2006இல் வந்த ஒரு பகுதியில் இதே ராஸ்லின் கருக்கலைப்பைத் தடை செய்கிறார். நம்மவர் மகிழ்ந்துவிடக் கூடாது. கருவில் உள்ள உயிர் புனிதமானது என்பதற்காக அவர் அதைச் செய்யவில்லை; மக்கள்தொகை குறைகிறது என்பதற்காகவே செய்கிறார். ஒருவரைக் கூட்டும் அதே கை ஆயிரம் பேரைக் கழிக்கவும் செய்யும். நாம் விரும்பும் முடிவையே ஒருவர் எட்டினாலும், எந்தக் காரணத்தால் எட்டினார் என்று கேட்கும் கலை அரிது.

இத்தொடரின் இதயம் வேறோர் இடத்தில் இருப்பதாக நான் எண்ணுகிறேன். பேரழிவுக்குச் சற்று முன்னர், தம் கப்பலை ஓய்வுக்கு அனுப்பும் விழாவில், எழுதிவைத்த உரையை விட்டுவிட்டு அடாமா ஒரு கேள்வி எழுப்புகிறார்: மனித இனம் காப்பாற்றப்படத் தகுதி உடையதுதானா? பேராசையாலும் பொறாமையாலும் இன்னும் கொலை செய்கிறோம், செய்ததற்குப் பொறுப்பேற்க மறுக்கிறோம் என்கிறார். விழாப் பேச்சு என்று நாமும் மறந்துவிடுகிறோம்.

இரண்டாம் பருவத்தில் கெய்ன் என்ற பெண் கடற்படைத் தலைவர் இன்னொரு போர்க்கப்பலோடு வந்து சேர்கிறார். பெயரே காயினை நினைவூட்டுகிறது. குடிமக்களின் கப்பல்களிலிருந்து தமக்கு வேண்டிய பொருள்களையும் ஆள்களையும் பறித்துக்கொண்டு, மற்றவர்களை நடுவெளியில் கைவிட்டு வந்தவர் அவர். சிறைப்பட்ட சைலான் பெண் ஒருத்தியை அவருடைய வீரர்கள் வதைத்தும் கற்பழித்தும் சிதைத்திருக்கிறார்கள். அவரைக் கொன்றுவிடுமாறு அடாமாவுக்கு அறிவுரை சொல்பவர் யார் தெரியுமா? மென்மையே உருவான முன்னாள் ஆசிரியை ராஸ்லின்! அடாமா ஒப்புக்கொண்டு ஆளையும் அமர்த்துகிறார். மறுபுறம் கெய்னும் அடாமாவைக் கொல்ல ஏற்பாடு செய்கிறார்.

உண்மையைச் சொன்னால், அக்காட்சிகளைப் பார்த்த வேளையில் நானும் கெய்ன் சாக வேண்டும் என்றே விரும்பினேன். அந்நிலையில் அடாமா, தம்மிடம் சிறையிருக்கும் சைலான் பெண் ஷாரனிடம் சென்று, உங்கள் இனம் எங்களை ஏன் வெறுக்கிறது என்று வினவுகிறார். விழாவில் நீங்கள் கேட்ட கேள்விக்கு விடை, தகுதி இல்லை என்பதாக இருக்கலாம் என்கிறாள் அவள். பகைவரின் வாயிலிருந்து அவருடைய சொல்லே அவருக்குத் திரும்பி வருகிறது. கொலை ஆணையை அவர் விலக்கிக்கொள்கிறார். உயிர் பிழைத்தால் மட்டும் போதாது, பிழைக்கத் தகுதி உடையவராக இருக்க வேண்டும் என்பதே அவர் சொல்லும் காரணம். கெய்னும் தம் ஆணையை நிறுத்திவிடுகிறார். எனினும் அன்றே, வதைக்கப்பட்ட அந்தக் கைதியின் கையால் சாகிறார்.

ஒப்புரவு அருட்சாதனத்துக்கு முன் ஆன்ம சோதனை செய்யப் பழகிய நமக்கு இந்த நிகழ்ச்சி அந்நியமானதன்று. வேறு தொடர்கள் நம்மை நடுவர் இருக்கையில் அமர்த்தி, தீயவனைத் தண்டித்த மனநிறைவோடு உறங்க அனுப்புகின்றன. இத்தொடரோ அந்த இருக்கையிலிருந்து நம்மை எழுப்பிவிடுகிறது. குற்றம் செய்யக்கூடியவர், எனவே மனம் திரும்பவும் கூடியவர் என்று தன்னைக் கருதும் ஒரு கதையை மனிதர் நேசிக்கிறார்கள். மூர் நமக்கு ஆறுதலும் தரவில்லை: இக்கதையில் மனிதர் பல தெய்வங்களை வணங்குகிறவர்கள்; ஒரே கடவுளை அறிக்கையிட்டுக்கொண்டே இனப்படுகொலை செய்பவர்கள் சைலான்கள்.

குறையும் உண்டு. இறுதிப் பகுதியில் விடுபட்ட முடிச்சுகளையெல்லாம் இறைத் திட்டம் என்ற ஒரே சொல்லால் அவிழ்த்துவிடுகிறார்கள். நம்பிக்கையாளன் என்ற முறையில் நான் மகிழ்ந்திருக்க வேண்டும், மகிழவில்லை. கதாசிரியரின் களைப்பைத் தீர்ப்பதற்கு இறைவனை அழைப்பது பக்தி ஆகாது. பல இரசிகர்களும் அம்முடிவை ஏற்கவில்லை.

2007இல் வந்த பால்டரின் வழக்கு விசாரணையே என் மனத்தை விட்டு அகலாதது. பால்டர் ஓர் அறிவியலாளர். தன்னலமும் கோழைத்தனமும் மிக்கவர். பகைவரின் ஆட்சியில் அவர்களுக்குப் பணிந்து கையொப்பமிட்டவர். மக்கள் அனைவரும் அவர் சாவைக் கேட்கிறார்கள். அப்போது லீ சாட்சிக் கூண்டில் ஏறி, யார் யார் எதற்காக மன்னிக்கப்பட்டார்கள் என்று ஒவ்வொன்றாக எண்ணுகிறான். அந்தப் பயணிகள் கப்பலைச் சுட்ட தன்னையும் சேர்த்துக்கொள்கிறான். நம் வெட்கம் முழுவதையும் ஒருவன்மீது ஏற்றி, அவனை வெளியே எறிந்துவிடப் பார்க்கிறோம் என்கிறான். மக்களின் குற்றங்களைத் தலையில் சுமந்து பாலைநிலத்துக்கு ஓட்டப்படும் ஆட்டை லேவியர் நூலின் 16ஆம் அதிகாரத்தில் நாம் பார்த்திருக்கிறோம்.

ஐந்து நடுவரில் மூவர் பால்டரை விடுவிக்கிறார்கள். அடாமாவும் அந்த மூவரில் ஒருவர். கூட்டம் கொதிக்கிறது. ஊதாரி மைந்தனுக்கு ஓடி வருவதற்கு ஒரு தந்தை இருந்தார். விடுதலை பெற்ற இந்த மனிதருக்கோ ஒண்ட ஓர் இடமில்லை. தமக்காக வாதாடிய வழக்கறிஞரிடம், இனி எங்கே போவேன் என்று கேட்கிறார். அவரிடமும் விடை இல்லை.