‘பாரம் தூக்கக் கூடாது’ – எந்தப் பாரம்?

2018-இல் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் மார்பகச் சீரமைப்புக்கென இலவசப் பிரிவு தொடங்கியபோது, அழகுக்கு அரசுப் பணமா என்று சர்ச்சை எழுந்தது. உடலமைப்பைத் திருத்தும் அறுவைகளைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் இந்த அளவில் நின்றுவிடுகிறது. அறுவை முடிந்தவர் மறுநாள் கட்டிலை விட்டு எப்படி எழுவார்?

வயிற்றின் தொங்கு சதையை அகற்றியவரை எடுத்துக்கொள்வோம். தோலை வெட்டி இழுத்துத் தைப்பதுடன், தளர்ந்த தசையையும் பல வேளைகளில் தைத்து இறுக்குகிறார்கள். வீட்டுக்கு அனுப்பும் சீட்டிலோ சில இடங்களில் இரண்டே வரிகள்: ஓய்வெடுக்கவும், பாரம் தூக்கக் கூடாது. தவறில்லை, ஆனால் போதாது.

ஒரு தோராயக் கணக்குப் போடுவோம். 60 கிலோ எடையுள்ளவரின் இடுப்புக்கு மேற்பட்ட பகுதி ஏறத்தாழ 30 கிலோ. அதன் ஈர்ப்பு மையம் இடுப்பிலிருந்து 25 செ.மீ. தள்ளி இருக்கிறது என்க. அதைத் தூக்கும் வயிற்றுத் தசையோ முதுகெலும்பிலிருந்து சுமார் 10 செ.மீ. தூரத்தில்தான். நெம்புகோல் விதிப்படி, மல்லாந்து கிடப்பவர் நேராக எழுந்தால் தசையில் விழும் இழுவிசை 75 கிலோ எடைக்குச் சமம்! தண்ணீர்க் குடத்தைத் தொடாதவர், நாள்தோறும் பலமுறை அதைவிடப் பெரும் பாரத்தைத் தூக்குகிறார்.

மாற்று வழி எளிது. முழங்காலை மடக்கி, தோளும் இடுப்பும் ஒருசேரப் பக்கவாட்டில் புரள வேண்டும். கால்களைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டு, கையை ஊன்றி எழ வேண்டும். இறங்கும் கால்கள் ஏற்றத்தின் எதிர் எடையைப் போல உடலை உயர்த்த உதவும். தரையில் விரித்த பாய் இதற்கு ஆகாது.

படுக்கும்போதும் தலைப்புறம் உயர்ந்து, முழங்கால் மடங்கியிருந்தால் தையலில் இழுப்புக் குறையும். பழைய நாஞ்சில்நாட்டு வீட்டுத் திண்ணையின் சாய்வு நாற்காலி கிட்டத்தட்ட இதே கோணம்தான்!

பார்க்க வருகிறவர்கள் “அனங்காமக் கிட மக்ளே” என்பார்கள். அன்பான பேச்சு, ஆபத்தான யோசனை. கெண்டைக்கால் தசை சுருங்கும்போதுதான் காலின் இரத்தம் மேலே தள்ளப்படுகிறது. அசையாத காலில் இரத்தம் தேங்கி உறையலாம். உறைந்த கட்டி நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. வயிற்று அறுவை செய்தவரை விரைவில் எழுப்பலாம் என்று சிகாகோ மருத்துவர் எமில் ரீஸ் 1899-லேயே எழுதிவிட்டார். ஆகவே மருத்துவர் அனுமதித்ததும் சற்றே குனிந்தபடி, வீட்டுக்குள் சிறு நடை நடக்கலாம். எப்போது நிமிர்வது என்பதையும் அவரே சொல்ல வேண்டும்.

ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும் கண்டாலோ, திடீரென மூச்சுத் திணறினாலோ, விடியும்வரை காத்திராமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். இதைச் சீட்டின் மூன்றாவது வரியாகவாவது சேர்த்திருக்கலாம்.