மீளச் சொல்லும் செபமும் தமிழ்த் தொடரமைப்பும்

கத்தோலிக்கரின் செபமாலையில் 'மங்கள வார்த்தை' எனப்படும் மரியன்னை செபம் 53 முறை சொல்லப்படுகிறது. ஒரே வாசகத்தை இத்தனை முறை சொல்வதால் அது வெற்றொலியாகிவிடுகிறது என்ற குற்றச்சாட்டு சமயச் சீர்திருத்தக் காலந்தொட்டு இருந்து வருகிறது. இது முற்றிலும் உண்மையாயின், அவ்வாசகத்தை எவ்வாறு மொழிபெயர்ப்பினும் வேறுபாடு இராது. தமிழ் வடிவத்தை நோக்குமிடத்து இதற்கு மாறான முடிவே பெறப்படுகிறது.

இக்குற்றச்சாட்டின் வரலாற்றிலேயே மொழிபெயர்ப்புக்குப் பங்குண்டு. மத்தேயு 6:7இல் வரும் அரிய கிரேக்கச் சொல்லொன்றை இலத்தீன் விவிலியம் 'மிகுதியாகப் பேசுதல்' என்று கொண்டது. 1611ஆம் ஆண்டின் ஆங்கில விவிலியமோ 'வீணே திரும்பச் சொல்லுதல்' என்று கொண்டது. முன்னது அளவைக் கண்டிக்கிறது. பின்னது முறையைக் கண்டிக்கிறது. ஆயினும் அதே நற்செய்தி (26:44), இயேசு மூன்றாம் முறையும் அதே சொற்களைச் சொல்லி வேண்டியதாகக் கூறுகிறது. 136ஆம் திருப்பாடலின் 26 அடிகளிலும் ஒரே பல்லவி பயில்கிறது. எனவே, மீளச் சொல்லுதல் தானே குற்றமாகாது.

1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார், இருமொழி அறிந்தோர் துணையுடன் அடிப்படைச் செபங்களைத் தமிழாக்கி, மக்களை உரக்கச் சொல்லவைத்துப் பயிற்றினார். என்றிக்கே என்றிக்கசின் 'தம்பிரான் வணக்கம்' கொல்லத்தில் அச்சேறியது 1578இல்தான். திருப்பலி 1960கள் வரை இலத்தீனில் நிகழ்ந்தபோதும் இச்செபங்கள் தமிழில் வழங்கின. ஆகவே, இவை கண்ணுக்கன்றி நாவுக்கும் செவிக்கும் உரிய பனுவல்கள் எனலாம்.

மங்கள வார்த்தை இரு பகுதிகளை உடையது. முதற்பகுதியை ஒருவர் சொல்ல, பிற்பகுதியை ஏனையோர் சொல்வர். இலத்தீனில் முதற்பகுதி இயேசுவின் பெயருடன் முடிகிறது. இப்பெயரே இரு பகுதிகளையும் இணைக்கும் கீல் என்று இரண்டாம் யோவான் பவுல் 2002ஆம் ஆண்டு மடலில் விளக்கினார். தமிழிலோ பயனிலை இறுதியில் நிற்பதால் அப்பெயர் தொடரினுள்ளே சென்றுவிடுகிறது. குழுவினர் தொடங்குமுன் செவியில் படுவது பெயரன்று, ஆசி கூறும் பயனிலை. பிற்பகுதியில் நிகழ்வது இதற்கு ஈடான மாற்றம். இலத்தீன் வாசகம் மரண வேளையைச் சொல்லி 'ஆமென்' என்கிறது. தமிழ் வாசகம் மரண வேளையை முன்னரே கூறி, 'வேண்டிக்கொள்ளும்' என்ற ஏவலில் முடிகிறது. ஒருமுறை படிப்போர்க்கு இவ்வேறுபாடு புலப்படாது. 53 முறை சொல்வோர்க்கு ஒவ்வொரு மணியும் மரணத்தில் முடிகிறதா, மன்றாட்டில் முடிகிறதா என்பது சிறு வேறுபாடன்று. மீளச் சொல்லுதல் பொருளை அழிப்பதில்லை. தொடரிறுதிக்கு அழுத்தம் தருகிறது.

பழைய வாசகத்தின் 'பிரியதத்தம்' பிற்காலத் திருத்தத்தில் 'அருள்' ஆயிற்று. இதனை வடசொல் நீக்கமாக மட்டும் காண்பது போதாது. 'பிரியதத்தத்தினாலே' என்பதில் எட்டு அசைகள்; 'அருள்' என்பதில் இரண்டு. பொதுவழக்கில் இல்லாத ஆக்கச்சொல் நீங்கி வழக்குச்சொல் அமைந்தது ஆதாயமே. ஆனால் செபத்தின் மூச்சளவும் நடையும் உடன் மாறின. மனனமாகிவிட்ட வாசகத்தை நா எளிதில் கைவிடாது. பழைய வாசகத்தில் பயின்றவரும் புதியதில் பயின்றவரும் சேர்ந்து சொல்லுமிடத்து ஒருமித்த குரல் பிளவுபடும். குழுவாகச் செபிப்பதற்கென்றே அமைந்த பனுவலில் இது சிறிய இழப்பன்று.

பெயரை இறுதிக்குக் கொணரத் தமிழ்த் தொடரை மாற்றியமைத்தல் இயலும். ஆயின் அத்தொடர் இயல்பு வழக்கினின்று விலகி, நாவை ஒவ்வொரு முறையும் இடறச் செய்யும். தமிழின் இயல்பான வரிசையைக் கொண்ட பழைய மொழிபெயர்ப்பாளரின் முடிவு ஏற்கத்தக்கதே. வழிபாட்டுப் பனுவலைத் திருத்துவோர் அதனை ஒருமுறை படித்துச் சொற்பொருளை மட்டும் ஒப்பிடுதல் தகாது. ஐம்பதாம் முறை சொல்லும்போதும் அது தடையின்றி ஓடுகிறதா, இறுதியில் எச்சொல் எஞ்சி நிற்கிறது என்பனவே உரிய அளவுகோல்கள்.