கொண்டாடப்பட்ட படத்தை எப்படிப் பார்ப்பது?

நாலு பேர் கூடி சினிமா பேசும் இடத்தில் ‘நாயகன்’ பெயரை எடுத்தால் உடனே இரண்டு கட்சி பிரிந்துவிடும். ஒரு கட்சிக்கு அது தமிழ் சினிமாவின் உச்சம்; அதைப் பற்றி மாற்றுக் கருத்தே கூடாது. இன்னொரு கட்சிக்கு அது ஓவர்ரேட்டட் படம். ‘காட்ஃபாதர்’ பார்க்காதவர்கள் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடிய படம். முதல் கட்சியில் 1987 தீபாவளிக்குத் தியேட்டரில் பார்த்தவர்களும் அவர்கள் பேச்சைக் கேட்டு வளர்ந்தவர்களும் அதிகம். இரண்டாவது கட்சியில் இருப்பவர்கள் பெரும்பாலும் இளைஞர்கள். படத்தைப் பார்ப்பதற்குப் பத்து வருடங்களுக்கு முன்பே அதன் புகழைக் கேட்டுவிட்டவர்கள்.

இந்தச் சண்டை நடக்க வேண்டும் என்றே நினைக்கிறேன். கேள்வி கேட்க முடியாத படம் மெல்ல மெல்லப் பார்க்கப்படாத படமாகிவிடும். ஆனால் நம் விவாதங்களில் பெரும்பாலும் படம் அடிபடுவதில்லை, அதன் புகழ்தான் அடிபடுகிறது. ஒருவர் விருதுகளை அடுக்குகிறார், இன்னொருவர் அந்த விருதுகளைச் சந்தேகிக்கிறார். அரை மணி நேரம் பேசி முடித்த பிறகு பார்த்தால், ஒரு காட்சியைப் பற்றிக்கூட யாரும் பேசியிருக்க மாட்டார்கள்.

‘அளவுக்கு மீறிப் பாராட்டிவிட்டோமா?’ என்பதை, ‘பாராட்ட வேண்டிய இடத்தில் பாராட்டினோமா?’ என்று மாற்றிக் கேட்டுப் பாருங்கள். அப்படிக் கேட்டால் படத்துக்குத் திரும்பிப் போயே ஆக வேண்டும். எப்படிப் போவது என்பதற்குச் சில வழிகள் இங்கே, ‘நாயகன்’ படத்தையே முன்வைத்து.

புகழ் எந்த வழியில் வந்தது?

‘நாயகன்’ மூன்று தேசிய விருதுகள் பெற்றது: நடிப்புக்குக் கமல்ஹாசன், ஒளிப்பதிவுக்கு பி.சி. ஸ்ரீராம், கலை இயக்கத்துக்குத் தோட்டா தரணி. இந்தியாவின் சார்பில் ஆஸ்கருக்கு அனுப்பப்பட்டது. இறுதிப் பரிந்துரைக்குத் தேர்வாகவில்லை. 2005-இல் ‘டைம்’ பத்திரிகை எக்காலத்துக்குமான 100 படங்களைப் பட்டியலிட்டபோது அதிலும் இடம்பெற்றது.

இவை மூன்றும் வேறு வேறு வகைப் பாராட்டுகள். தேசிய விருதுக் குழு ஒரு வருடத்தின் இந்தியப் படங்களுக்குள் ஒப்பிட்டுத் தேர்ந்தெடுக்கிறது. ஆஸ்கருக்கு அனுப்புவது, ஒரு நாடு தன் முகமாக எதைக் காட்ட நினைக்கிறது என்பதைப் பொறுத்தது. ‘டைம்’ பட்டியலைப் போட்டவர்கள் ரிச்சர்ட் கார்லிஸ், ரிச்சர்ட் ஷிக்கல் என்ற இரண்டே விமர்சகர்கள். இரண்டு பேரின் தேர்வை உலகத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளவும் வேண்டாம், ஒன்றுமில்லை என்று ஒதுக்கவும் வேண்டாம். தேர்ந்த ரசிகர்கள் இருவர் கைகாட்டுகிறார்கள், நாம் போய்ப் பார்க்கலாம். பட்டியலால் ஆகக்கூடியது அவ்வளவுதான்.

புகழ் நிலையானதும் இல்லை. ‘ஷோலே’ 1975-இல் வந்தபோது தொடக்க நாட்களில் வரவேற்பு மந்தமாகவே இருந்தது. ஃபிலிம்ஃபேர் விருதுகளில் படத்தொகுப்புக்கு மட்டும் ஒன்று கிடைத்தது. அதே படம் மும்பை மினர்வா தியேட்டரில் ஐந்து வருடங்களுக்கு மேல் ஓடியது. 1994-இல் வந்த ‘ஷாஷாங்க் ரிடெம்ப்ஷன்’ தியேட்டரில் தோற்றது. ஏழு ஆஸ்கர் பரிந்துரைகளில் ஒன்றுகூட விருதாகவில்லை. வீடியோவிலும் தொலைக்காட்சியிலும் பார்த்த மக்கள்தான் அதை ஐஎம்டிபி பட்டியலின் முதலிடத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். நம் ஊரில் ‘அன்பே சிவம்’ 2003 பொங்கலுக்கு வந்து வசூலில் விழுந்தது. இன்று அதைக் குறை சொன்னால் சண்டைக்கு வர ஆளிருக்கிறது. படங்களில் ஒரு ஃப்ரேமும் மாறவில்லை, மாறியது நாம்தான். ஆகவே வசூலையும் விருதையும் விவாதத்தில் சாட்சிக்கு அழைக்க வேண்டாம்.

வந்த காலத்தை மனதில் வைத்துப் பாருங்கள்

‘பாட்ஷா’வையும் ‘தலைவா’வையும் ‘கேஜிஎஃப்’பையும் பார்த்து முடித்துவிட்டு ‘நாயகன்’ பார்க்கும் இருபது வயதுக்காரருக்கு, ‘இதெல்லாம் பார்த்ததுதானே’ என்று தோன்றுவது நியாயம்தான். மும்பை, ஏழைகளின் காவலனாகும் ரவுடி, வாசலில் காத்திருக்கும் கூட்டம் என்று எல்லாமே அவருக்குப் பழகியவை. பின்னால் வந்தவர்கள் எடுத்துப் பயன்படுத்தியதால் முன்னால் வந்தது பழையதாகத் தெரிகிறது. பாதை போட்ட எல்லாப் படங்களுக்கும் இந்த நஷ்டம் உண்டு.

அதற்குப் பரிகாரம், அந்தப் படம் வந்த வருடத்தில் பக்கத்தில் என்ன இருந்தது என்று தெரிந்துகொள்வது. 1987 தீபாவளிக்கு ‘நாயகன்’ வந்த அதே நாளில் ரஜினிகாந்தின் ‘மனிதன்’ வந்தது. இரண்டையும் அடுத்தடுத்துப் பாருங்கள். எது உயர்த்தி என்று தீர்ப்புச் சொல்வதற்காக இல்லை. அன்று ஒரு பெரிய நடிகரின் முகத்தில் எவ்வளவு வெளிச்சம் விழுவது வழக்கம், சண்டைக்காட்சி எப்படி வெட்டப்பட்டது, வசனம் எவ்வளவு உரக்கப் பேசப்பட்டது என்பதெல்லாம் கண்ணுக்கும் காதுக்கும் பிடிபடும்.

பிறகு ‘நாயக’னில் கமல் நடித்த வேலு நாயக்கர் வீட்டுக்குள் வரும் காட்சிகளைக் கவனியுங்கள். மேலிருந்து விழும் ஒளியில் நெற்றியும் மூக்கும் தெரியும், கண்கள் நிழலில் கிடக்கும். இயற்கை ஒளியைத் தமிழில் பாலு மகேந்திராவும் அசோக்குமாரும் ஏற்கெனவே பழக்கியிருந்தார்கள். ஆனால் தீபாவளிப் படத்தில், ரசிகர்கள் யாருடைய முகத்தைப் பார்ப்பதற்காகக் காசு கொடுத்தார்களோ அவருடைய முகத்தையே பாதி இருட்டில் நிறுத்த ஸ்ரீராமுக்குத் தனித் துணிச்சல் வேண்டியிருந்தது. அப்போது கமலுக்கு முப்பத்து மூன்று வயது நிறையவில்லை, இயக்குநர் மணிரத்னத்துக்கு முப்பத்தொன்று. தாராவியின் சந்துகளைத் தோட்டா தரணி சென்னையில் செட் போட்டு எழுப்பினார். விலைமாதர் விடுதியில் வரும் பாடலுக்கு, முந்தைய தலைமுறையின் பாடகிகளான கே. ஜமுனா ராணியையும் எம்.எஸ். ராஜேஸ்வரியையும் இளையராஜா பாடவைத்தார். கதை நடக்கும் வருடம் எது என்று எழுத்துப் போடாமலே அந்தக் குரல்கள் சொல்லிவிடுகின்றன. இந்தப் பாடலுக்குக் கிடைக்க வேண்டிய பாராட்டு இன்னும் முழுதாகக் கிடைக்கவில்லை.

எங்கிருந்து எடுத்தது, எங்கே கொண்டுபோனது?

‘காட்ஃபாதர் காப்பி’ என்ற குற்றச்சாட்டை ஒதுக்கிவிடக் கூடாது. 1972-இல் கொப்போலா எடுத்த படத்தின் தடம் ‘நாயக’னில் இருக்கிறது: உதவி கேட்டு வந்து நிற்கும் மனிதர்கள், இருட்டில் அமர்ந்திருக்கும் தலைவன், மகனின் பிணத்தின் முன் உடைந்துபோகும் தகப்பன். மும்பையில் வாழ்ந்த வரதராஜ முதலியாரின் வாழ்க்கையும் கதைக்குள் இருக்கிறது. படம் வந்தபோது அவர் உயிரோடுதான் இருந்தார். இரண்டு மூலங்களையும் வைத்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போக வேண்டும்: எடுத்ததை வைத்து என்ன செய்தார்கள்?

‘காட்ஃபாதர்’ வாரிசுரிமையின் கதை. தகப்பனின் தொழிலிலிருந்து விலகி நின்ற மகன் மைக்கேல், கடைசியில் அந்த நாற்காலியில் உட்காருகிறான். ‘நாயக’னில் நாற்காலியை ஏற்க யாருமில்லை. மகன் சூர்யா இறந்துபோகிறான். மகள் சாருமதி அப்பாவின் முகத்துக்கு நேரே கேள்வி கேட்டுவிட்டு வீட்டைவிட்டுப் போகிறாள், பின்னால் ஒரு போலீஸ் அதிகாரியின் மனைவியாக இருக்கிறாள். கொப்போலாவின் படத்தில் குடும்பம் குற்றத்துக்குள் இழுக்கப்படுகிறது. இங்கே குற்றத்தைக் குடும்பம் கைவிடுகிறது. ஆகவே கடன் வாங்கியது உண்மை. சொன்ன கதை வேறு. எந்தப் படத்தையும் காப்பி என்று சொல்லும்போது இந்த இரண்டாவது பாதியையும் சேர்த்துச் சொல்லிப் பழகுங்கள்.

பேர்பெற்ற காட்சிக்குப் பக்கத்தில் பாருங்கள்

எல்லாப் புகழ்பெற்ற படத்திலும் எல்லோரும் சொல்லும் ஒரு காட்சி இருக்கும். ‘நாயக’னில் அது, நல்லவரா கெட்டவரா என்று பேரன் கேட்க, தாத்தா வேலு தெரியவில்லை என்று சொல்லும் இடம். மேடைகளிலும் நகைச்சுவை நிகழ்ச்சிகளிலும் திரும்பத் திரும்பக் கேட்டு அந்தக் கேள்வி தேய்ந்துவிட்டது. முதல்முறை பார்ப்பவர்களுக்கு அது ஏமாற்றம் தந்தால் வியப்பில்லை.

படத்தின் இரண்டு முனைகளையும் சேர்த்துப் பாருங்கள். தொடக்கத்தில் தொழிற்சங்கத் தலைவரான அப்பாவைப் பிடிக்க, போலீஸ் சிறுவன் வேலுவை ஏமாற்றிப் பின்தொடர்கிறது. அப்பா சுட்டுக் கொல்லப்படுகிறார். சிறுவன் அந்தப் போலீஸ்காரரைக் கொன்றுவிட்டு மும்பைக்கு ஓடுகிறான். வளர்ந்தபின் இன்ஸ்பெக்டர் கேல்கரைக் கொல்கிறான். கேல்கருக்கு மனைவியும் மனவளர்ச்சி குன்றிய மகனும் இருப்பது தெரிந்ததும் அந்தக் குடும்பத்தைத் தன் பொறுப்பில் ஏற்கிறான். அந்த மகன் அஜித் வளர்ந்து, கடைசியில், நீதிமன்றம் விடுவித்த வேலுவைச் சுட்டுக் கொல்கிறான்.

போலீஸால் அப்பாவை இழந்த மகன் போலீஸைக் கொல்வதில் தொடங்கி, வேலுவால் அப்பாவை இழந்த போலீஸின் மகன் வேலுவைக் கொல்வதில் முடிகிறது கதை. சிறுவன் வேலுவின் கையில் இருந்தபோது நமக்கு நியாயமாகத் தெரிந்த அதே பழி, அஜித் கையில் வந்ததும் நம்மை உலுக்குகிறது. பேரனின் கேள்விக்குத் தாத்தாவிடம் பதில் இல்லை. ஆனால் படத்தின் கட்டுமானத்துக்குள் பதில் இருக்கிறது, வசனமாக இல்லாததால் அதை நாம் மேற்கோள் காட்டுவதில்லை. என் கணிப்பில் ‘நாயக’னின் ஆகப் பெரிய சாதனை இதுதான். இத்தனை வருடப் பாராட்டில் இதற்குக் கிடைத்த பங்கு மிகக் குறைவு.

குறையைத் துல்லியமாகச் சொல்லுங்கள்

‘போர்’, ‘லேக்’, ‘மொக்கை’ என்ற ஒற்றைச் சொற்களால் எந்தப் படத்தையும் கழித்துவிடலாம். அதனால் யாருக்கும் ஒரு லாபமும் இல்லை. குறை எங்கே என்று விரல் வைத்துக் காட்டுங்கள்.

மும்பையில் எல்லோரும் தமிழ் பேசுகிறார்களே என்பது பலர் சொல்லும் குறை. ஓரளவுக்கு உண்மைதான். ஆனால் டெல்லி கணேஷ் நடித்த ஐயர் பாத்திரத்தைப் பாருங்கள். இந்தி தெரியாத வேலு தமிழில் பேசுகிறான், எதிரில் இருக்கும் பெரிய மனிதர்களுக்கு ஐயர் இந்தியில் எடுத்துச் சொல்கிறார். பேரம் சூடேறும்போது ஐயருக்கு உள்ளூர நடுக்கம், வேலுவிடம் அசைவே இல்லை. மொழி தெரியாதவன் என்ற குறையே அவன் அதிகாரமாக மாறும் இடம் அது. இந்தக் குற்றச்சாட்டை எழுப்புபவர்கள் ஐயரையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

இதைவிட வலுவான குறைகள் உண்டு. நீலா அறிமுகமாகும் காட்சி அபாரமானது: விடுதி அறையில், மறுநாள் கணக்குப் பரீட்சை இருக்கிறது, சீக்கிரம் விட்டுவிடுவீர்களா என்று கேட்கும் பள்ளிக்கூடப் பெண். அந்த ஒரு வரியில் பாலகுமாரனின் வசனம் ஒரு வாழ்க்கையின் கொடுமையை முழுதாகச் சொல்லிவிடுகிறது. அப்படி வந்த பெண் மனைவியான பிறகு, வேலுவின் கோபத்துக்குக் காரணமாகக் கொல்லப்படுவதற்கு மட்டுமே பயன்படுகிறாள். பரீட்சை எழுத நினைத்த அந்தப் பெண் என்னவானாள் என்று படம் திரும்பிப் பார்ப்பதே இல்லை.

அடுத்தது தாராவி மக்கள். வேலுவை வாழ்த்தவும் அவனுக்காக அழவும் அவர்கள் கூட்டமாக வருகிறார்கள். அவர்களில் ஒருவருக்காவது பெயரும் முகமும் மாற்றுக் கருத்தும் இருந்திருந்தால், நல்லவரா என்ற கேள்விக்கு இன்னும் கனம் கூடியிருக்கும். அப்பாவை எதிர்த்துக் கேட்க மகள் ஒருத்திதான் இருக்கிறாள். இந்த இரண்டு குறைகளையும் ஒருவர் சொன்னால் நான் மறுக்க மாட்டேன். படத்தை மிகவும் நேசிப்பவர்களும் மறுக்கத் தேவையில்லை.

எப்படி விவாதிப்பது?

‘எனக்குப் பிடிக்கவில்லை’ என்பதும் ‘படம் நன்றாக இல்லை’ என்பதும் இரண்டு வாக்கியங்கள். முதல் வாக்கியத்துக்கு ஆதாரம் தேவையில்லை, யாரும் அதை எதிர்த்து வாதாடவும் வேண்டாம். இரண்டாவதைச் சொன்னால் காட்சியைச் சொல்ல வேண்டும். பாராட்டுக்கும் இதே விதிதான். ‘மாஸ்டர்பீஸ்’ என்பவரிடமும் எந்த இடம் என்று கேளுங்கள்.

கைப்பேசியில், பாதி பேருந்தில், பாதி படுக்கையில் பார்த்த படத்துக்குத் தீர்ப்பு எழுத வேண்டாம். ஸ்ரீராமின் இருட்டு சின்னத் திரையில் வெறும் கறுப்பாகத்தான் தெரியும். மெருகேற்றிய பிரதி 2023-இல் தியேட்டர்களுக்கு வந்தபோது இளைஞர்கள் பலருக்கு அந்த வாய்ப்புக் கிடைத்தது. அது தவறியவர்கள், விளக்கை அணைத்துவிட்டு, ஒரே மூச்சில், வீட்டில் இருக்கும் பெரிய திரையிலாவது பாருங்கள்.

ஒரு படைப்பாளியின் பிற்காலப் படத்தைக் கொண்டு முந்தைய படத்தை அளக்காதீர்கள். 38 வருடங்கள் கழித்துக் கமலும் மணிரத்னமும் ‘தக் லைஃப்’பில் சேர்ந்தார்கள். அந்தப் படம் எப்படியிருந்தாலும் அதனால் ‘நாயகன்’ ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. முக்கியமாக, மனம் மாறுவதைத் தோல்வியாக நினைக்காதீர்கள். இருபது வயதில் சூர்யாவோடு நின்றவர் ஐம்பதில் சாருமதியோடு நிற்கலாம்.

என் தீர்ப்பைக் கேட்டால், ‘நாயகன்’ ஓவர்ரேட்டட் இல்லை. ஒரு கேள்விக்கும் ஒரு அழுகைக்கும் குவிந்த பாராட்டை எடுத்து அதன் ஒளிக்கும் கட்டுமானத்துக்கும் பகிர்ந்து கொடுக்க வேண்டும், அவ்வளவே. நீங்கள் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. இந்த வாரம், உங்களுக்கு ஓவர்ரேட்டட் என்று தோன்றும் ஒரு படத்தை எடுங்கள். அதைத் தலைமேல் வைத்துக் கொண்டாடும் ஒருவரோடு உட்கார்ந்து முழுதாகப் பாருங்கள். முடிந்ததும் ஆளுக்கு மூன்று காட்சிகளைச் சொல்லுங்கள், அதன் பிறகு சண்டை போடுங்கள்.