சாலை போட்டவருக்குப் பணம் எப்போது?

மத்திய நிதி அமைச்சகத்தின் செலவினத் துறை 2021 அக்டோபர் 29 அன்று அரசு வேலைகளுக்கான பொது அறிவுறுத்தல்களை வெளியிட்டது. வேலை நடக்க நடக்க ஒப்பந்ததாரர் போடும் ரன்னிங் பில் வந்த 10 வேலை நாட்களுக்குள் அதில் 75 சதவீதத்துக்குக் குறையாமல் பட்டுவாடா செய்ய வேண்டும். மீதியைச் சரிபார்த்து, பில் வந்த நாளிலிருந்து 28 வேலை நாட்களுக்குள் கொடுத்து முடிக்க வேண்டும். நல்ல விதி. நான் வசிக்கும் பெசன்ட் நகரில் ராஜாஜி பவனில் இயங்கும் மத்தியப் பொதுப்பணித் துறை அலுவலகங்களுக்கும், கிண்டியில் இருக்கும் தேசிய நெடுஞ்சாலை ஆணைய அலுவலகத்துக்கும் இது பொருந்தும்.

ஆனால் அந்த 28 நாள் கணக்கு மெயின் கான்ட்ராக்டரின் வங்கிக் கணக்கோடு நின்றுவிடுகிறது. அதற்குக் கீழே மண் அடித்தவர், பாலத்துக்குக் கம்பி கட்டியவர், வடிகால் வைத்தவர், தடுப்புக் கம்பி நட்டவர் ஆகியோருக்கு எத்தனை நாள் என்று அந்த அறிவுறுத்தலில் இல்லை. இந்திய நெடுஞ்சாலையில் கண்ணுக்குத் தெரியும் வேலையில் பெரும்பகுதியைச் செய்கிறவர்கள் அவர்கள்தான். இலங்கையிலும் இதே கதைதான், வேறு வடிவத்தில். இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஒரு நாட்டில் இல்லாத பாதி மற்ற நாட்டில் இருப்பது தெரிகிறது.

எங்கள் பகுதியில் ஒருவர் நெடுஞ்சாலைகளில் மண்வேலை எடுத்துச் செய்கிறார். சில டிப்பர்கள், ஒரு ஹிட்டாச்சி, ஒரு ரோலர், வாடகைக்கு ஒரு கிரேடர். தன் ஃபைலைப் பிரித்துக் காட்டினார். மண்ணை 20 சென்டிமீட்டர் அடுக்கடுக்காகக் கொட்டி, தண்ணீர் தெளித்து, உருட்ட வேண்டும். ஒவ்வொரு அடுக்குக்கும் ஓர் ஆய்வுக் கோரிக்கைத் தாள். அதில் கன்சல்டன்ட் பொறியாளரின் கையெழுத்து. கூடவே அடர்த்திச் சோதனை முடிவு: கரைக்கு 95 சதவீதம், அதற்கு மேலே வரும் சப்கிரேடுக்கு 97 சதவீதம் வந்தாக வேண்டும். வராவிட்டால் கிளறிவிட்டு மறுபடி உருட்ட வேண்டும். அந்தத் தாள்களுக்குப் பின்னால் அவர் மெயின் கான்ட்ராக்டருக்குக் கொடுத்த பில். அதில் கம்பெனி பங்கில் பிடித்த டீசலுக்குக் கழிவு, 5 சதவீதப் பிடித்தம், டி.டி.எஸ். எல்லாம் போக நின்ற தொகைக்கு எதிரே பென்சிலால் ஒரு குறிப்பு: கிளையன்ட் பேமெண்ட் வந்ததும்.

“லேபருக்குச் சனிக்கிழமை, டீசலுக்கு அன்னன்னிக்கு, வண்டி டியூவுக்கு அஞ்சாந்தேதி. எனக்கு மட்டுந்தான் சார் தேதியே இல்ல” என்றார்.

அந்தப் பென்சில் குறிப்புக்குத் தொழிலில் பேக் டு பேக் என்று பெயர். மேலே பணம் வந்தால்தான் கீழே பணம். வேலை ஆணையில் ஒரே வரிதான். ஆனால் அரசு தாமதித்தால் வரும் நஷ்டம், மேலே உள்ளவர்கள் போடும் வழக்கு, வடிவமைப்பில் வந்த தகராறு என்று தனக்குச் சம்பந்தமே இல்லாத எல்லாவற்றையும் அந்த ஒரு வரி அவர் தலையில் கட்டிவிடுகிறது. பிரிட்டன் 1996-ஆம் ஆண்டுக் கட்டுமானச் சட்டத்தில் இத்தகைய நிபந்தனையைச் செல்லாததாக்கியது. சிங்கப்பூர் 2004-இலும் மலேசியா 2012-இலும் இயற்றிய சட்டங்களும் அப்படியே செய்தன. அமெரிக்க மத்திய அரசின் கட்டுமான ஒப்பந்தங்களில் 1988-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், தனக்குப் பணம் வந்த 7 நாட்களுக்குள் மெயின் கான்ட்ராக்டர் கீழே உள்ளவருக்குக் கொடுத்துவிட வேண்டும். தவறினால் வட்டி. இந்தியாவிலும் இலங்கையிலும் கட்டுமானத்துக்கென்று இப்படி ஒரு தனிச் சட்டம் கிடையாது.

இந்தியாவில் அதற்குப் பதிலாகக் கையில் இருப்பது குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம், 2006. படித்துப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும், அவ்வளவு கடுமையான சட்டம். குறு, சிறு நிறுவனத்திடம் பொருளோ சேவையோ பெற்றவர், ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும், ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து 45 நாட்களைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. வங்கி விகிதம் 6.75 சதவீதமாக இருந்த 2023–24-இல் இது 20.25 சதவீதம். மாநில அரசு அமைத்த வசதி மன்றத்தில் முறையிடலாம், 90 நாட்களில் தீர்க்க வேண்டும் என்கிறது சட்டம். தீர்ப்பை எதிர்த்து நீதிமன்றம் போகிறவர் 75 சதவீதத்தைக் கட்டிவிட்டுத்தான் போக முடியும். 2023-ஆம் ஆண்டு நிதிச் சட்டம் வருமான வரியிலும் ஒரு பூட்டுப் போட்டது: 45 நாள் கெடுவுக்குள் கொடுக்காத தொகையை, உண்மையில் கொடுத்த ஆண்டில்தான் செலவாகக் காட்ட முடியும்.

இத்தனை இருந்தும் மண்வேலைக்காரரின் பென்சில் குறிப்பு ஏன் அழியவில்லை?

முதல் காரணம் சட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. பொருளும் உழைப்பும் கலந்த ஒர்க்ஸ் கான்ட்ராக்ட் இந்தச் சட்டத்துக்குள் வராது என்று பம்பாய் உயர் நீதிமன்றம் ஒன்றுக்கு மேற்பட்ட வழக்குகளில் சொல்லியிருக்கிறது. எல்லா உயர் நீதிமன்றங்களும் இதை ஒரே மாதிரி பார்க்கவில்லை. சிமெண்ட் விற்றவருக்கு இருக்கும் உரிமை, அந்தச் சிமெண்டைக் கலந்து கல்வெர்ட் கட்டியவருக்கு உண்டா இல்லையா என்பதே வழக்காகிவிட்டது. இது நியாயமே இல்லை. 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு வரி விளக்கம் சேர்த்தால் தீர்ந்துபோகும் விஷயம்.

இரண்டாவது, பயம். வசதி மன்றத்துக்கு மனு போட்டால் அடுத்த பேக்கேஜில் வேலை கிடைக்காது. நெடுஞ்சாலைத் தொழில் சின்ன உலகம், பெரிய கம்பெனிகள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான். திவால் சட்டத்தின் கீழ் நோட்டீஸ் அனுப்பலாம் என்று ஒரு காலத்தில் கொஞ்சம் தெம்பு இருந்தது. 2020 மார்ச்சில் அதற்கான குறைந்தபட்ச நிலுவையை 1 லட்சத்திலிருந்து 1 கோடியாக உயர்த்தினார்கள். கோவிட் காலத்தில் சிறு, நடுத்தர நிறுவனங்களைக் காக்க என்று வந்த அந்த வரம்பே சின்னவர் கையிலிருந்த கடைசி ஆயுதத்தையும் பிடுங்கிக்கொண்டது.

ஜி.எஸ்.டி. வேறு இருக்கிறது. பில் போட்டால் 18 சதவீத வரி கட்டியாக வேண்டும், பணம் வந்ததா என்று வரித் துறை கேட்பதில்லை. வாங்கியவர் 180 நாட்களுக்குள் பணம் கொடுக்காவிட்டால் எடுத்த உள்ளீட்டு வரிச் சலுகையைத் திருப்ப வேண்டும் என்று விதி உண்டு. ஒரு சட்டம் 45 நாள் என்கிறது, இன்னொன்று ஆறு மாதம் பொறுக்கிறது. பிந்தைய கணக்கைத்தான் கம்பெனி கணக்காளர்கள் கவனமாகப் பார்க்கிறார்கள்.

மூன்றாவது காரணம்தான் எனக்கு எல்லாவற்றையும் விடக் கனமாகப் படுகிறது. அரசின் ஏட்டில் துணை ஒப்பந்ததாரருக்குப் பெயரே இல்லை. நெடுஞ்சாலை அமைச்சகத்தின் ஈ.பி.சி. மாதிரி ஒப்பந்தப்படி, ஒப்பந்த மதிப்பில் 5 சதவீதத்தைத் தாண்டினால்தான் துணை ஒப்பந்ததாரரின் விவரத்தை ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். ஆயிரம் கோடிச் சாலையில் அது 50 கோடி! எங்கள் மண்வேலைக்காரர் அதன் பக்கத்தில்கூட வர மாட்டார். பணத்தில் ஒரு பகுதியை அரசு பல ஆண்டுத் தவணைகளில் தரும் ஹைபிரிட் ஆன்யுட்டி சாலைகளில் இன்னும் ஒரு படி அதிகம்: திட்டக் கம்பெனி, அதன் தாய்க் கம்பெனியான கட்டுமான நிறுவனம், அதற்குப் பிறகுதான் இவர். 2020 ஜூனில் அமைச்சகம் கோவிட் நிவாரணமாக ஒரு நல்ல காரியம் செய்தது. அங்கீகரிக்கப்பட்ட துணை ஒப்பந்ததாரருக்கு எஸ்க்ரோ கணக்கு வழியாக நேரடியாகவே பணம் கொடுக்கலாம் என்றது. அங்கீகரிக்கப்பட்ட என்ற சொல்லுக்கு வெளியே நின்றவர்களுக்கு அது எட்டவில்லை. 2025-இல் தேசிய நெடுஞ்சாலை ஆணையம், முன் அனுமதியில்லாத துணை ஒப்பந்தங்களை மோசடிக்கு இணையாகக் கருதி நடவடிக்கை எடுப்பதாக அறிவித்தது. தரத்துக்காகச் செய்தது, புரிகிறது. ஆனால் அனுமதி வாங்காத குற்றம் மேலே உள்ளவருடையது. அதை மறைக்க அவர் கீழே உள்ளவரின் பெயரை இன்னும் ஆழமாகப் புதைப்பார்.

பெயர் இல்லாமல் போவதன் விலை என்ன என்று 2025 ஜூலையில் மகாராஷ்டிரத்தின் சாங்லி மாவட்டம் காட்டியது. ஜல் ஜீவன் குடிநீர்த் திட்டத்தில் வேலை செய்த ஓர் இளம் ஒப்பந்தக்காரர் உயிரை மாய்த்துக்கொண்டார். பில் பணம் வராததுதான் காரணம் என்று சங்கத்தினர் சொன்னார்கள். அவர் பெயரில் எங்களிடம் ஒப்பந்தமே இல்லை, துணை ஒப்பந்ததாரராக இருந்திருக்கலாம் என்று அரசுத் தரப்பு பதில் சொன்னது. அந்தப் பதில் சட்டப்படி சரியாகவே இருக்கலாம். அப்படிச் சரியாக இருப்பதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது.

இலங்கையில் 2006-ஆம் ஆண்டுச் சட்டம் போல ஒன்று இல்லை. 2014-ஆம் ஆண்டின் 33-ஆம் இலக்க நிர்மாணத்துறை அபிவிருத்திச் சட்டம் ஒப்பந்தகாரர் பதிவையும் தொழில் தரத்தையும் ஒழுங்குபடுத்துகிறது. உப ஒப்பந்தகாரருக்கு இத்தனை நாளில் பணம் என்று அது கெடு வைக்கவில்லை. அங்கே பணத்தின் நாட்கணக்கைத் தீர்மானிப்பது ஒப்பந்தப் படிவம்தான். ஆசிய அபிவிருத்தி வங்கியோ ஜப்பானோ கடன் கொடுத்த வீதிகளில் ஃபிடிக் எனப்படும் சர்வதேச மாதிரி ஒப்பந்த நிபந்தனைகள் வரும். உள்நாட்டு மாதிரி ஆவணங்களிலும் அதன் சாயல் உண்டு. 1999-ஆம் ஆண்டு ஃபிடிக் சிவப்பு நூலின்படி, கணக்கு கிடைத்த 28 நாட்களுக்குள் பொறியியலாளர் சான்றிதழ் தர வேண்டும், 56 நாட்களுக்குள் பணம் வர வேண்டும். தாமதித்தால் மத்திய வங்கியின் கழிவு வீதத்துக்கு மேல் 3 சதவீதம் கூட்டு வட்டி. 21 நாள் அறிவித்தல் கொடுத்துவிட்டு ஒப்பந்தகாரர் வேலையை நிறுத்தவும் செய்யலாம்.

இந்தியாவுக்கு வேண்டிய பாடம் அதே நூலின் 5.4-ஆம் வாசகத்தில் இருக்கிறது. வேலை கொடுத்தவரே பெயர் குறிப்பிட்டு நியமித்த உப ஒப்பந்தகாரருக்கு, முந்தைய சான்றிதழ்களின்படி சேர வேண்டிய பணம் சேர்ந்துவிட்டதா என்பதற்கு ஆதாரம் காட்டச் சொல்லிப் பொறியியலாளர் அடுத்த சான்றிதழுக்கு முன் கேட்கலாம். பிரதான ஒப்பந்தகாரர் காட்டாவிட்டால், நியாயமான காரணமும் சொல்லாவிட்டால், வேலை கொடுத்தவர் நேரே உப ஒப்பந்தகாரருக்குக் கொடுத்துவிட்டுப் பிரதான ஒப்பந்தகாரர் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். மன்றத்தில் யாரும் யார்மீதும் மனுப் போட வேண்டியதில்லை. யாரும் யாரையும் பகைத்துக்கொள்ள வேண்டியதில்லை. கேள்வி மேலிருந்து வருகிறது, அதுவும் பிரதான ஒப்பந்தகாரருக்குப் பணம் தேவைப்படும் நேரத்தில் வருகிறது.

குறை என்னவென்றால், அது நியமன உப ஒப்பந்தகாரருக்கு மட்டும். பிரதான ஒப்பந்தகாரர் தானாகப் பிடித்து வைத்துக்கொண்ட பெக்கோக்காரரும் டிப்பர்காரரும் அதற்குள் வர மாட்டார்கள். அங்கேயும் பெயர்தான் பிரச்சினை.

படிவம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் பணம் திறைசேரியிலிருந்து வர வேண்டும். 2022 ஏப்ரல் 12 அன்று இலங்கை வெளிநாட்டுக் கடன் தவணைகளை நிறுத்துவதாக அறிவித்தது. மத்திய அதிவேக நெடுஞ்சாலையில் கடவத்தைக்கும் மீரிகமவுக்கும் இடையிலான பகுதி சீன எக்ஸிம் வங்கிக் கடனில் நடந்துகொண்டிருந்தது. கடன் நின்றதும் வேலை நின்றது, 2025 செப்டம்பரில்தான் மறுபடி தொடங்கியது. அதே நெடுஞ்சாலையில் மீரிகம முதல் குருநாகல் வரையான பகுதியை உள்ளூர் ஒப்பந்தகாரர்களே கட்டி 2022 ஜனவரியில் திறந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், திறமைக்குக் குறைவில்லை. 2022 மார்ச் முதல் மே வரைக்குள் டாலர் ஏறத்தாழ 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய்க்கு ஏறியது. டீசலுக்கு நாட்கணக்கில் வரிசை. பிரதான ஒப்பந்தகாரருக்கு விலை ஏற்ற இறக்கச் சூத்திரம் கொஞ்சம் கைகொடுக்கும். நிலையான விலைக்கு வேலை எடுத்த உப ஒப்பந்தகாரருக்கு அதுவும் இல்லை. வட்டி கேட்கும் உரிமை ஒப்பந்தத்தில் இருந்தாலும், நாடே கடன் கட்ட முடியாமல் நிற்கும்போது வீதி அபிவிருத்தி அதிகார சபையிடம் போய் வட்டி கேட்க யாருக்கு மனம் வரும்?

இந்தியாவில் சட்டம் இருக்கிறது, அதை இயக்கும் சாவி பயந்தவர் கையில் இருக்கிறது. இலங்கையில் சட்டம் இல்லை, ஆனால் ஒப்பந்தப் படிவத்தில் சரியான இடத்தில் ஒரு கேள்வி இருக்கிறது. இரண்டையும் சேர்ப்பது கஷ்டமே இல்லை என்று நினைக்கிறேன். இந்தியாவில் கூலித் தொழிலாளிக்கு இந்த வழியை 1970-ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டமே காட்டிவிட்டது. கான்ட்ராக்டர் கூலி கொடுக்காவிட்டால் முதன்மை முதலாளி கொடுத்துவிட்டுப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்றது அது. அந்தத் தொழிலாளிக்குச் சனிக்கிழமைதோறும் கூலி கொடுக்கும் சின்ன ஒப்பந்ததாரருக்கு மட்டும் அந்தப் பாதுகாப்பு இல்லை.

செய்ய வேண்டியது இரண்டு. வேலைத் தளத்துக்குள் வண்டி நுழையும் முன்பே, தொகை எவ்வளவு சிறிதானாலும், துணை ஒப்பந்ததாரரின் பெயர் ஆணையத்தின் ஏட்டில் ஏற வேண்டும். 5 சதவீத வரம்பு தரக் கட்டுப்பாட்டுக்கு இருக்கட்டும், பெயர்ப் பதிவுக்கு வேண்டாம். அடுத்து, ஒவ்வொரு ரன்னிங் பில்லோடும் முந்தைய பில்லில் கீழே உள்ளவர்களுக்குப் பணம் போனதற்கான வங்கிச் சான்று இணைந்திருக்க வேண்டும். இல்லையென்றால் அந்த அளவுக்கு நிறுத்தி வைத்து நேரடியாகக் கொடுக்க வேண்டும். வேலையில் தகராறு இருந்தால் அந்தத் தொகையை மட்டும் தனியே வைத்துக்கொள்ளலாம்.

மெயின் கான்ட்ராக்டர்கள் இதை எதிர்ப்பார்கள். ஆயிரம் பில்களை ஆணையம் எப்படிச் சரிபார்க்கும் என்று கேட்பார்கள். இந்தியாவில் துணை ஒப்பந்ததாரர் போட்ட ஒவ்வொரு இன்வாய்ஸும் ஏற்கனவே ஜி.எஸ்.டி. தளத்தில் மெயின் கான்ட்ராக்டரின் கணக்கில் தெரிகிறது. யாருக்கு எவ்வளவு என்பது அரசின் ஒரு கணினியில் இருக்கிறது, சாலைக்குப் பணம் விடும் இன்னொரு கணினி அதைக் கேட்பதில்லை, அவ்வளவுதான். இலங்கையில் சிறிய உப ஒப்பந்தகாரர் பலர் வாட் பதிவுக்குள் வருவதில்லை. அங்கே வங்கிப் பற்றுச்சீட்டும் பொறியியலாளரின் தளக் குறிப்பும்தான் ஆதாரமாக நிற்க முடியும். கடவத்தையில் மறுபடி இயந்திரங்கள் இறங்கியிருக்கும் இந்த நேரத்தில், 5.4-ஆம் வாசகத்தை எல்லா உப ஒப்பந்தகாரர்களுக்கும் விரிக்கும் ஒரு சிறப்பு நிபந்தனையை இனி வரும் ஒப்பந்தங்களில் சேர்க்க அதிகார சபைக்குப் புதுச் சட்டம் எதுவும் தேவைப்படாது.